ஒரு ஆள் குறையுது

மணி அலறியபோது பல்செட்டுக்காரர் கழிவறையில் இருந்தார்.

சாதாரண அலறல் இல்லை. காதுக்குள் ஆணி அடிக்கிற அலறல். தலைக்கு மேல் ஒரு சிவப்பு விளக்கு வேறு சுழன்று சுழன்று பயமுறுத்தியது. கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் வெளியே வந்தார். எதிரே ஒரு கதவு. தள்ளினார், திறந்துகொண்டது. அவ்வளவுதான், பண்பாட்டு மையத்தின் பின்சந்தில், குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார்.

மாடி அரங்கத்தில் படம் முடிந்து கலந்துரையாடல் தொடங்கியிருந்த நேரம் அது. எந்த ரயிலும் நிற்காத ஒரு ஸ்டேஷனில் தனியாக வேலை பார்க்கும் ஒருவனைப் பற்றிய படம். ‘அவனுக்காவது மாசம் பொறந்தா சம்பளம் வருது’ என்று நினைத்துக்கொண்டேதான் இவர் எழுந்து கீழே வந்திருந்தார்.

வேலையில் இருந்த காலமெல்லாம் ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து பல்செட் செய்தவர். மருத்துவர் அளவெடுத்து அனுப்புவார். இவர் மெழுகில் வார்த்து, பல் பதித்து, ராவி, மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். அந்தப் பல்லைப் போட்டுக்கொண்டு சிரித்தவர் யாரையும் இவர் பார்த்ததில்லை. அவர்களும் இவரைப் பார்த்ததில்லை. ஊரில் பாதி வாய்க்குள் இவர் கைவேலை இருக்கிறது. ஆனால் அதில் ஒரு வாய்கூட இவரிடம் ‘சௌக்கியமா?’ என்று கேட்டது கிடையாது.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் பேச்சுத் துணைக்குக் குளிர்சாதனப் பெட்டியின் உறுமல்தான். அதனால் மையத்தில் எது நடந்தாலும் வந்துவிடுவார். சொற்பொழிவா, சரி. புத்தக விவாதமா, ரொம்பச் சரி. ஒரு தடவை தேனீ வளர்ப்பு பற்றிய உரைக்குக்கூட வந்து கடைசிவரை உட்கார்ந்திருந்தார். இவருக்குத் தேன் பிடிக்காது.

நேற்றுதான் தங்கை போனில் பிடி பிடியென்று பிடித்திருந்தாள்.

“அண்ணா, வீட்டை வித்துட்டு இங்க வந்து சேரு. மாடி ரூம் சும்மாதானே கிடக்கு?”

“எனக்கு இங்க பழகிடுச்சும்மா.”

“என்ன பழகிடுச்சு? சுவரா? அந்த ஊர்ல உனக்குன்னு யாரு இருக்கா? நீ ஒரு நாள் வரலைன்னா ‘எங்க காணோம்’னு கேக்க ஒரே ஒரு ஆளைச் சொல்லு. நான் வாயை மூடிக்கிறேன்.”

தங்கை வாயை மூடுவதாகச் சொன்னதே பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. அப்படியும் இவருக்கு ஒரு பெயர்கூட அகப்படவில்லை. நாளைக்குள் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். சொல்லப் பெயர் இல்லாவிட்டால் மாடி அறைதான். தங்கை கணவரின் அரசியல் விளக்கங்கள், மூன்று வேளையும், சாப்பாட்டோடு.

சந்து வழியாகச் சுற்றித் தெருமுனைக்கு வந்தார். எதிர்ப்பக்க நடைபாதையில் கூட்டம் நின்றது. அவர்களுக்கும் இவருக்கும் நடுவே ஒரு பார்சல் வேன். அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் மையத்தின் செயலாளர் அம்மாவின் குரல் கேட்டது.

“எல்லாரும் கேளுங்க! அவங்கவங்க பக்கத்துல, முன்னால பின்னால உக்காந்திருந்தவங்க இருக்காங்களான்னு பாருங்க. இல்லேன்னா உடனே சொல்லுங்க.”

இது மையத்தின் வழக்கம். வருகிறவர்களைப் பதிவு செய்கிற ஏற்பாடெல்லாம் அங்கே கிடையாது. அதனால் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்பும் இதைச் சொல்வார்கள், எல்லோரும் கொட்டாவி விட்டபடி கேட்பார்கள்.

இவர் கால் நின்றுவிட்டது. போகவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. வேனுக்குப் பின்னால் திருடனைப் போல ஒண்டிக்கொண்டார்.

“எங்க வீட்டுக்காரர் இங்க இருக்கார்,” என்றது ஒரு குரல். “அவர் செருப்புதான் காணோம்.”

“என் ஃபிரெண்டு இருக்கா.”

“பேச வந்த விமர்சகர் எங்கப்பா?”

“அவரா? மணி அடிச்சதும் முதல்ல இறங்குனது அவர்தான்!”

சிரிப்பு. ஒவ்வொருவரும் ஒவ்வொருவரைக் கண்டுபிடித்துத் தோளைத் தட்டிக்கொண்டார்கள். இவரைப் பற்றிப் பேச்சே இல்லை. ‘தங்கச்சி, நீ ஜெயிச்சிட்டே’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். மாடி அறைக்கு ஜன்னல் எந்தப் பக்கம் என்று யோசிக்கவே ஆரம்பித்துவிட்டார்.

“ஒரு ஆள் குறையுதுங்க.”

பெண் குரல். அவசரமில்லாத, உறுதியான குரல்.

“யாரும்மா?” என்றார் செயலாளர்.

“மூணாவது வரிசை ஓரத்துல உக்காருவாரே, அவர்.”

“பேரு?”

“பேரெல்லாம் தெரியாது. எல்லாரும் சிரிக்கிறப்போ சிரிக்க மாட்டார். எல்லாரும் சிரிச்சு முடிச்சப்புறம் தனியா ஒரு தடவை சிரிப்பார். அவரைத்தான் காணோம்.”

பல்செட்டுக்காரருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. தான் அப்படிச் சிரிப்பது தனக்கே தெரியாது. ஆனால் தெரு நடுவில் ஒருத்தி அதைச் சாட்சியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்! உடனே போய் நின்றிருக்க வேண்டும்தான். ஆனால் எத்தனை வருஷத்துக்குப் பிறகு காதில் விழுகிற பேச்சு இது? இன்னும் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று ஆசை.

அந்த நேரம் பார்த்துச் சட்டைப் பையில் போன் அடித்தது. திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் சத்தம் காட்டாமல் எடுத்துக் காதில் வைத்தார். தங்கை.

“அண்ணா, என்ன முடிவு பண்ணினே?”

“அப்புறம் பேசறேன்மா,” என்று கிசுகிசுத்தார். “என்னைத் தேடிக்கிட்டிருக்காங்க.”

“யாரு, போலீஸா?”

“இல்லம்மா...”

“நீ எங்க இருக்கே இப்போ?”

“ஒரு வேனுக்குப் பின்னால.”

“ஐயோ அண்ணா! நான் அப்பவே சொன்னேன்ல, தனியா இருந்தா புத்தி பிசகிடும்னு!”

துண்டித்துவிட்டு எட்டிப் பார்த்தார். கனத்த உடம்புக்காரரான மையத்துக் காவலாளி, கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு கட்டிடத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார். மாடி ஜன்னலில் புகை தெரிந்தது.

“வேணாம்ணா, தீயணைப்பு வரட்டும்!” என்று யாரோ கத்தினார்கள்.

“உள்ள ஆள் இருக்காங்கறாங்களே, சும்மா நிக்கச் சொல்றியா?” என்றபடி காவலாளி வாசல்படி ஏறினார்.

அதற்கு மேல் ஒளிந்திருக்க இவர் என்ன கல்லா?

“நிறுத்துங்க! நான் இங்க இருக்கேன்!” இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சாலையின் நடுவே ஓடினார். ஒரு கார் கிறீச்சிட்டு நின்று திட்டியது. காவலாளி திரும்பினார். மொத்தக் கூட்டமும் திரும்பியது.

“எங்க சார் போனீங்க?” என்று செயலாளர் அம்மா பொரிந்தார். “அந்த மனுஷன் உயிரைப் பணயம் வச்சு உள்ள போறார்!”

“பாத்ரூம்ல... பின்பக்கமா...”

“வந்ததும் ஒரு குரல் கொடுக்கறதுதானே? அங்க வேன் பின்னால என்ன வேலை?”

சொல்ல முடிகிற விஷயமா அது? அசடு வழிய நின்றார். காவலாளி கைக்குட்டையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். “விடுங்கம்மா, ஆள் கிடைச்சாச்சு. எங்க வீட்டம்மா கிட்ட நான் தீக்குள்ள போனேன்னு மட்டும் யாரும் சொல்லிடாதீங்க, தொலைஞ்சேன்!”

கொஞ்ச நேரத்தில் தீயணைப்பு வண்டி வந்தது. விவாதத்துக்குத் தேநீர் போட வைத்திருந்த கெட்டில், தண்ணீர் வற்றிக் கருகிக் கிடந்தது என்றார்கள். விமர்சகர், தீ என்பது என்ன என்று அங்கேயே பேச ஆரம்பித்தார். கூட்டம் மெல்லக் கலைந்தது.

பல்செட்டுக்காரர் அந்தக் குரலைத் தேடினார். விளக்குக் கம்பத்தடியில், சாம்பல் நிறச் சால்வை போர்த்திய பெண்மணி ஒருவர் தனியாக நின்றார். இவர் வயதுதான் இருக்கும். முன்பல்லில் சின்னதாக ஒரு விரிசல். பழக்க தோஷம், பல்தான் முதலில் கண்ணில் பட்டது. பிறகுதான் முகத்தைப் பார்த்தார். அறிமுகமே இல்லாத முகம். இப்படி ஒரு முகம் இங்கே வருமென்று தெரிந்திருந்தால், தங்கையிடம் நேற்றே ஒரு பதில் சொல்லியிருக்கலாமே!

“நீங்கதானே என்னைக் காணோம்னு சொன்னது? ரொம்ப நன்றிங்க,” என்றார். “இத்தனை நாள்ல இங்க யாரும் எங்கூட ஒரு வார்த்தை பேசினதில்லை. நீங்க இங்க புதுசா வர்றீங்களா?”

அந்தப் பெண்மணி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“புதுசாவா? உங்க பக்கத்து சீட்டு காலியான்னு எத்தனை தடவை கேட்டிருக்கேன்! ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்துகூடப் பார்க்காம ‘ஆள் வராங்க’ன்னு பையைத் தூக்கி வச்சீங்க. நானும் பின்னால உக்காந்து பாத்துக்கிட்டேதான் இருக்கேன், ஒரு நாள்கூட யாரும் வரலையேங்க!”