இரண்டு சிரிப்பு வாங்கிய வீடு

லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்ததும் கண்ணாடிக்கடைக்காரருக்குக் காது மடல் சுட்டது. குடியிருப்பிலேயே அவர் வீட்டு எண்ணுக்கு நேரே மட்டும்தான் இரண்டு சிரிப்பு முகங்கள். மற்றவர்களுக்கு ஒன்று, இல்லையென்றால் சுளித்த முகம். மாதக் கரண்ட் செலவு குறைந்தால் சிரிப்பு, கூடினால் சுளிப்பு. கெஞ்சினாலும் கட்டணத்தைக் கூட்டினாலும் அணைக்காத விளக்கை, பக்கத்து வீட்டைக் காட்டினால் அணைத்துவிடுவார்கள் என்று மனோதத்துவம் படித்த யாரோ மின்சார அலுவலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த யோசனை அது. சொன்னவர் மனுஷனை நன்றாகவே படித்திருக்கிறார். சுளித்த முகம் வாங்கிய மூன்றாம் மாடிக்காரர் ரோஷத்தில் ஏசியைத் துணி போட்டு மூடிவிட்டார்.

கீழ்வீட்டு அக்கா காய்கறிப் பையோடு வந்து நின்றார்.

"கலக்கிட்டீங்க தம்பி! எப்படி? எங்க வீட்டுல எல்லாரும் ஒரே ரூம்ல அடைஞ்சு கிடந்தும் மூஞ்சி சுளிக்குதே."

"பழக்கம்தான்க்கா. தேவையில்லாததை அணைச்சிடுவோம்."

சொல்லிவிட்டு லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறினார். மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு மாதம் ஆகிறது. "போறதுன்னா போ" என்று கத்தியது அவர்தான். போவாள் என்று நினைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, அதனால் யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தார். இப்போது ஒரு தாள் சுவரில் நின்று சிரித்துக்கொண்டே காட்டிக்கொடுக்கப் பார்க்கிறது.

அன்றிலிருந்து எல்லா அறையிலும் விளக்கெரிந்தது. மகள் அறையில் ஃபேன் ஓடியது. ஹாலில் டிவி யாருக்கோ செய்தி சொல்லிக்கொண்டிருந்தது. வாஷிங் மெஷினில் ஒற்றைச் சட்டை தனியாகச் சுற்றியது. ஊரே சிக்கனம் பிடிக்க, இவர் மட்டும் காசைக் கரியாக்கிக்கொண்டிருந்தார். வெட்கக்கேடு என்று அவருக்கே தெரிந்தது. ஆனாலும் காலையில் கீசரைப் போட்டுவிட்டுத்தான் கடைக்குப் போனார்.

அடுத்த மாதத் தாளில் அவர் வீட்டுக்குச் சுளித்த முகம். தன்னைப் பார்த்து முகம் சுளித்ததற்காக ஒரு மனுஷன் நிம்மதிப் பெருமூச்சு விட்டது அந்தச் சுவருக்கு முன்னால் அதுதான் முதல்முறையாக இருக்கும்.

அன்று மாலையே அழைப்பு மணி. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வாயெல்லாம் பல்லாக அக்கா. கையில் புது கலர் பென்சில் டப்பா.

"பாப்பா வந்துட்டாளா தம்பி? தாளைப் பார்த்தேன், எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த வேணாம்னுதான் நாங்க யாரும் வாயே திறக்கல."

அவருக்கு உடம்பு கூசிப்போனது. அப்படியானால் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு அக்கா பாராட்டியதும் தெரிந்தேதான். உண்மையைப் போட்டு உடைத்துவிடலாம் என்று வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"பாப்பா தூங்குறாக்கா. அவ அம்மா கடைக்குப் போயிருக்கா."

அக்காவின் பார்வை அவர் தோளைத் தாண்டிப் போனது. மகளின் அறைக் கதவு விரியத் திறந்திருந்தது. பளிச்சென்ற வெளிச்சத்தில் கசங்காத படுக்கை. விரிப்பின் ஓரம் ஃபேன் காற்றில் எழுந்து எழுந்து விழுந்தது.

"அப்ப எழுப்ப வேணாம் தம்பி" என்றார் அக்கா, குரலைத் தாழ்த்தி. பென்சில் டப்பாவைச் சத்தம் வராமல் அவர் உள்ளங்கையில் வைத்தார். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்துப் படியிறங்கினார்.