மூன்றாம் மாடிச் சத்தம்

குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. கீழே கார் நிறுத்துமிடத்தில் நாலு காரை வெளியே தள்ளிவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போடுவார்கள். ஒரு மைக் இருக்கும். தலைவரின் தொண்டைக்கு மைக்கே தேவையில்லை, தெருமுனை வரைக்கும் கேட்கும். ஆனாலும் அது கையில் இல்லாவிட்டால் மனுஷனுக்குப் பேச்சே வராது. எதற்கெடுத்தாலும் "ஒரு தீர்மானம் போட்டுருவோம்" என்பார். அதனால் குடியிருப்பில் அவருக்குத் தீர்மானம் என்றே பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்குத் தீர்மானம், சங்கத்தின் சாதனைகளை வாசித்துக்கொண்டிருந்தார். மொட்டை மாடி ஒழுகிக்கொண்டிருந்தது, அடைத்தாயிற்று. குப்பை லாரி வாசலை மறித்துக்கொண்டு நின்றது, நகர்த்தியாயிற்று. "அடுத்தது, மூணாவது மாடிச் சத்தம். நீங்க எல்லாரும் வாட்ஸ்அப் குரூப்ல படிச்சிருப்பீங்க. சங்கம் எடுத்த நடவடிக்கையால அதுவும் அடியோட தீர்ந்துபோச்சு. இந்த வருஷம் ஒரு புகார்கூட பாக்கி இல்ல!"

எல்லோரும் கை தட்டினார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த லிப்ட்காரர் வீட்டம்மாவும் தட்டினாள். கூட்டத்தில் பத்துப் பேர் தட்டினால் பதினோராவது கை தானாக எழும்புமே, அப்படித்தான் எழும்பியது. தட்டி முடித்த பிறகுதான் எதற்குத் தட்டினோம் என்று அவளுக்கு உறைத்தது. சுருக்கென்று தைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டுக் காலிங் பெல் அடித்தால் தலை ஒரு கணம் திரும்பும் இல்லையா, அந்த அளவுதான். கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த மூன்றாம் மாடிச் சத்தம் அவளுடைய கணவர்தான்.

லிப்ட் மெக்கானிக். இந்தக் கட்டடத்து லிப்ட் மக்கர் பண்ணும்போதெல்லாம், கம்பெனி ஆள் வரும் முன்னே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். ஒரு நாள் வேலை செய்த இடத்திலேயே சுருண்டு விழுந்தார். பக்கவாதம். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பிழைத்ததே பெரிய விஷயம் என்றார்கள். பயிற்சி கொடுக்க வந்த பெண், தினமும் நடந்தால் கால் திரும்ப வந்துவிடும், ஆனால் விடாமல் நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கையில் கொஞ்சம் பிடி திரும்பியதும் நாலு கால் வைத்த வாக்கர் ஒன்று வாங்கினார்கள். அவர் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார். "பொண்ணு பெக்காமலே மாப்பிள்ளை வந்துட்டான் பாரு. எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டான், பிடிச்ச பிடிக்கு நிப்பான்." வாய் கோணிப்போன பிறகும் அந்த நக்கல் மட்டும் கோணவே இல்லை.

காலை ஆறு மணிக்கு, கூடத்தில் சன்னலிலிருந்து சமையலறைக் கதவு வரை, மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டு அவர் நடப்பார். டொக், சரக். டொக், சரக். அவள் முழங்கையைத் தாங்கிக்கொண்டு கூடவே நடப்பாள். அந்த நேரம்தான் இரண்டு பேருக்கும் தோது. ஏழரைக்கெல்லாம் அவள் மருத்துவமனைச் சலவைப் பிரிவுக்குக் கிளம்பியாக வேண்டும், பகலெல்லாம் விரிப்புகளை மடித்து அடுக்கும் வேலை. சாயங்காலம் திரும்பி வந்து நடத்திப் பார்த்தாள். அதற்குள் அவருடைய கால் வீங்கிக் கனத்துப் போயிருக்கும், ஒரு நடைகூடத் தாங்காது.

நேர் கீழே இரண்டாவது மாடியில் கம்ப்யூட்டர்காரர். ராத்திரி முழுக்க வீட்டிலிருந்தே ஏதோ வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை செய்துவிட்டு விடியும்போது படுப்பவர். குரூப்பில் எழுதினார்: மேலே இருந்து சத்தம், தூங்க முடியவில்லை. எழுதியதில் தப்பில்லை. அவருக்கும் தூக்கம் வேண்டுமே. அன்றைக்கே இவள் டென்னிஸ் பந்துகள் வாங்கிவந்து, கீறி, வாக்கரின் கால்களில் மாட்டினாள். மறுநாள் கணவர் நடந்து முடித்ததும் குரூப்பில் கேட்டாள்: "பந்து மாட்டிட்டோம் சார். இப்ப எப்படி இருக்கு?"

கம்ப்யூட்டர்காரர் அதைப் பார்த்தார். பார்த்ததற்கு அடையாளம் விழுந்தது. பதில் மட்டும் வரவில்லை.

ஒரு வார்த்தை. பரவாயில்லை என்றோ, இன்னும் கேட்கிறது என்றோ ஒரு வார்த்தை போட்டிருந்தால் விரல் தேய்ந்தா போயிருக்கும்? அதற்குள் விஷயம் தீர்மானத்தின் கைக்குப் போய்விட்டது. அவர் சும்மா இருப்பாரா? போட்டார் ஒரு தீர்மானம்: காலை எட்டு மணிக்கு முன்னால் எந்த வீட்டிலும் தரை அதிர எதுவும் செய்யக்கூடாது. அதை லிப்டுக்குள்ளேயே ஒட்டினார்கள், லிப்ட்காரர் ராப்பகலாகச் சரிபண்ணிக் கொடுத்த அதே லிப்டில்.

"பந்துதான் மாட்டியாச்சே, நடக்கறேனே," என்றார் அவர்.

"விடுங்க. எதுக்கு வம்பு? ஊரோட ஒத்துப்போவோம்," என்றாள் இவள்.

அவர் மாப்பிள்ளையைச் சுவரோரம் தள்ளிவைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு நாற்காலியிலிருந்து கட்டில். கட்டிலிலேயே கிடந்து நெஞ்சில் சளி கட்டி, ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். சங்கத்திலிருந்து பெரிய மாலையாகத்தான் கொண்டுவந்தார்கள். தீர்மானம் இரண்டு நிமிடம் மௌனம் அனுசரிக்கச் சொன்னார். கம்ப்யூட்டர்காரரும் வந்து கையைக் கட்டிக்கொண்டு ஒரு மூலையில் நின்றார். அவள் அழவில்லை. இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறமும் அழவில்லை. வேலைக்குப் போனாள், விரிப்பு மடித்தாள், வந்தாள், தூங்கினாள். கோபம் வரவேண்டும் என்று அவளுக்கே தெரியும். வரவில்லை. குளிர்ந்த தண்ணீரில் வெகுநேரம் கிடந்த கை மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

சரி, கூட்டத்துக்கு வருவோம். எட்டு மணிச் சட்டம் தற்காலிகமாகப் போட்டதாம், அதை நிரந்தரமாக்க வேண்டுமாம். "ஆதரிக்கறவங்க கை தூக்குங்க." எல்லோரும் தூக்கினார்கள். அடக் கொடுமையே, அவளும் தூக்கினாள். தூக்கிய கையோடு சும்மா திரும்பிப் பார்த்தபோது, தூக்காத ஒரே ஆள் கம்ப்யூட்டர்காரர். குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் தூக்கவில்லை என்பது மறுநாள் சாயங்காலம் தெரிந்தது. கதவைத் திறந்தால் அவர்தான் நிற்கிறார்.

"அக்கா, ஒரு நிமிஷம் பேசலாமா?"

இத்தனை வருஷமாக மேடம். இன்றைக்கு அக்கா.

உள்ளே வந்து நாற்காலியின் விளிம்பில் தொற்றிக்கொண்டு உட்கார்ந்தார். "எங்கம்மா வந்திருக்காங்க. குளியலறையில வழுக்கி விழுந்து இடுப்புல ஆபரேஷன். காலையில நடத்தியே ஆகணும்னு டாக்டர் சொல்றார். சாயங்காலம்னா கால் வீங்கிடுது. எட்டு மணிக்கு மேலன்னா நான் ராத்திரி வேலை முடிச்சுப் படுத்துடுவேன், பிடிச்சுக்க வேற ஆள் இல்ல." நிறுத்தித் தொண்டையைச் செருமினார். "நேத்திக்கு முந்தின நாள் நடத்தினேன். முதல் மாடிப் பல் டாக்டர் வந்துட்டார். எட்டு மணிக்கு முன்னால கூடாதே சார், நீங்க கேட்டு வாங்கின சட்டம்தானேங்கறார். நான் என்ன பதில் சொல்றது?"

அவள் எழுந்து மின்விசிறியைப் போட்டுவிட்டு வந்தாள்.

"அதான் யோசிச்சேன். உங்க வீட்டுக்குக் கீழ எங்க வீடு மட்டும்தானே. இங்க சத்தம் வந்தா எனக்கு மட்டும்தான் கேக்கும். நான் புகார் பண்ண மாட்டேன். காலையில அம்மாவை இங்க கூட்டிட்டு வந்து, உங்க கூடத்துல நடத்திக்கட்டுமா அக்கா?"

என்ன நெஞ்சழுத்தம்! நானாக இருந்தால் கதவைத் திறந்து வழியைக் காட்டியிருப்பேன். கேட்டவருக்கும் அது தெரியாமல் இல்லை, காது மடல் வரை சிவந்திருந்தது. ஆனால் பாருங்கள், அவர் சொன்ன கணக்கில் ஓட்டையே இல்லை. அந்தக் கட்டடத்தில் விடிகாலையில் ஒரு நோயாளி நடக்கக்கூடிய ஒரே தரை இவளுடைய தரைதான்.

"கூட்டிட்டு வாங்க," என்றாள். பெருந்தன்மை எல்லாம் இல்லை. மாட்டேன் என்று சொல்லவும் ஒரு தெம்பு வேண்டுமே, அது இல்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு லிப்ட் கதவு திறந்தது. அந்த அம்மா மகன் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக வந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார், ஆனால் வாய் மட்டும் ஓயவில்லை. "உனக்கு எவ்வளவு சிரமம் பாரும்மா, விடிஞ்சும் விடியாம. இவன் சின்ன வயசுலேருந்தே இப்படித்தான், எதையாவது இழுத்து வச்சுட்டு என்னை முன்னால தள்ளுவான்."

"வாக்கரை மறந்துட்டேன், எடுத்துட்டு வரட்டுமா?" என்றார் மகன்.

"வேணாம். இங்க இருக்கு."

சுவரோரத்திலிருந்து மாப்பிள்ளையை இழுத்து வந்தாள். பந்துகள் அழுக்கேறி, அப்படியே கால்களில் இருந்தன. கம்ப்யூட்டர்காரர் அந்தப் பந்துகளைப் பார்த்துவிட்டுச் சட்டென்று வேறு பக்கம் திரும்பினார்.

"நான் பிடிச்சுக்கறேன். நீங்க போய்ப் படுங்க," என்றாள் அவள். "எப்பவும் படுக்கற இடத்துலயே படுங்க. போன் பண்றேன்."

அவர் இறங்கிப் போனார். அவள் கொஞ்சநேரம் விட்டு, போனில் அவரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, கணவரின் நாற்காலிமேல் வைத்தாள். அந்த அம்மாவின் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள்.

"நடங்கம்மா."

சன்னலிலிருந்து கிளம்பினார்கள். அந்த அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு வாக்கரைத் தூக்கி வைத்தார், பாரத்தை அதன்மேல் போட்டார், காலை இழுத்தார். மறுபடி தூக்கி வைத்தார். சமையலறைக் கதவைத் தொட்டு, சுற்றித் திரும்பி, மறுபடியும் சன்னலை நோக்கிப் பாதி வழி வந்தார்கள். மேலே நிற்பவர்களுக்கு அந்தச் சத்தம் நன்றாகக் கேட்டது. நாற்காலிக்குப் பக்கத்தில் வந்ததும் அவள் போனைப் பார்த்துக் கேட்டாள். கேட்ட பிறகுதான் தெரிந்தது, அன்றைக்குக் குரூப்பில் கேட்ட அதே கேள்வி.

"இப்ப எப்படி இருக்கு?"

"அக்கா?" என்றது தூக்கம் கலந்த குரல். "என்னக்கா, இன்னும் ஆரம்பிக்கலையா?"

அவள் நின்றாள். அப்படியென்றால், பந்து மாட்டிய அன்றைக்கே கீழே எதுவும் கேட்டிருக்காது.

கீழே கட்டில் கிறீச்சிடுவது போனில் கேட்டது. எழுந்து உட்கார்ந்துவிட்டார் போல. "அக்கா..." என்றார்.

அப்போது வந்தது அவளுக்குக் கோபம். மாலை கொண்டுவந்தபோது வராதது, கை தட்டியபோது வராதது, இப்போது கொதித்துக்கொண்டு வந்தது. கீழே படுத்திருப்பவன்மேல், தீர்மானத்தின்மேல், எதற்கு வம்பு என்று சொன்ன தன் வாயின்மேல். எதையாவது எடுத்து வீச வேண்டும் போல இருந்தது. வலது கை நாற்காலிமேல் இருந்த போனை நோக்கிப் போனது. இடது கையில் அவனைப் பெற்றவளின் முழங்கை இருந்தது. விட்டால் அந்த அம்மா விழுந்துவிடுவார்.

"என்னம்மா, நின்னுட்டே?" என்றார் அந்த அம்மா. "நான் ரொம்பப் பாரமா இருக்கேனா?"

"இல்லம்மா," என்றாள். பிடியை இறுக்கிக்கொண்டாள். "சன்னல் வரைக்கும் போயிடலாம், நடங்க."