ஆபீசர் பழுது பார்த்த புத்தகம்

தணிக்கைத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே ஆபீசர் தம் வீட்டுச் சமையலறையைத் தணிக்கை செய்ய ஆரம்பித்துவிட்டார். டப்பாக்கள் எல்லாவற்றுக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டினார். சர்க்கரை டப்பாவில் உப்பு இருப்பதைக் கண்டுபிடித்து மனைவியிடம் விளக்கம் கேட்டார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“இங்க பாருங்க. பழைய புத்தகத்தையெல்லாம் பிரிச்சு, தைச்சு, பைண்டு பண்ணக் கத்துத் தர்றாங்களாம். உங்க பேரைக் குடுத்துட்டேன். சனிக்கிழமையானா கிளம்பிடுங்க. உங்களுக்கும் நிம்மதி, கரண்டிக்கும் நிம்மதி.”

வகுப்பு ஒரு தையற்கடையின் மாடியில் நடந்தது. நீள மேசை, புத்தகங்களை இறுக்கி வைக்கும் மரச் சட்டம், மூலையில் சின்ன அடுப்பு, அதில் குமிழி விடும் கோதுமை மாவுப் பசை. டீச்சருக்கு ஆபீசரின் மகள் வயதுகூட இராது. கூடப் படித்தவர்களில் ஒரு பல் டாக்டர் இருந்தார். ஊசியில் முதல் தடவையிலேயே நூல் கோர்த்தவர் அவர் ஒருவர்தான். ஒரு புதுமணத் தம்பதியும் இருந்தார்கள். அவள் தைப்பதை அவன் படம் பிடித்தான், அவன் தைப்பதை அவள் படம் பிடித்தாள். புத்தகம்தான் தைக்கப்படாமல் கிடந்தது.

முதல் நாள் டீச்சர் சொன்னாள்: “இன்னைக்கு நாம ஒட்டுறத நாளைக்கு இன்னொருத்தர் காயம் படாம பிரிக்க முடியணும். அதுக்குத்தான் மாவுப் பசை. ஈரத்துணி போட்டா இளகிடும்.”

ஆபீசர் கையை உயர்த்தினார். “பிரிக்கிறதுக்குன்னா எதுக்கும்மா ஒட்டணும்?”

“நாம தப்புப் பண்ணியிருந்தா, சார்?”

“நாமன்னு பொதுவாச் சொல்லாதீங்க,” என்றார் ஆபீசர்.

வகுப்புகள் எல்லாம் முடியும்போது கண்காட்சி உண்டு. ஆளுக்கு ஒரு பழைய புத்தகத்தைச் செப்பனிட்டு வைக்க வேண்டும், சான்றிதழும் கிடைக்கும். ஆபீசருக்கு உடனே அடுத்த தெருவில் தனியாக இருக்கும் அக்காவின் நினைவு வந்தது. அக்காவின் நினைவு என்று சொன்னால் பொய்யாகிவிடும். அக்காவின் பிரார்த்தனைப் புத்தகத்தின் நினைவு.

அது நடு முதுகில் உடைந்த புத்தகம். மடியில் வைத்தால் போதும், மாலைப் பிரார்த்தனை இருக்கும் பக்கத்தில் தானே விரிந்து, பழகின பூனை மாதிரி அப்படியே படுத்துக்கொள்ளும். அக்காவின் விரல்கள் மூட்டுக்கு மூட்டு வீங்கி விறைத்தவை. எதையும் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. மனப்பாடமாகச் சொல்லலாம் என்றால், போன வருஷத்துக் காய்ச்சலுக்குப் பிறகு வரிகள் தாவிவிடுகின்றன. புத்தகம் தானே விரிந்து கிடப்பதால்தான் இரண்டு கையையும் கூப்ப முடிந்தது. அவளுக்கு மிஞ்சியிருந்த சுகம் அது ஒன்றுதான்.

“இது புத்தகமாக்கா, கந்தலா? சாமி பேரு போட்ட புத்தகம் இப்பிடியா இருக்கிறது?” என்றார் ஆபீசர், அக்கா வீட்டுக்குப் போய்.

“நல்லாத்தானேடா விரியுது,” என்றாள் அக்கா. ஆனால் ஓய்வு பெற்ற நாளிலிருந்து தம்பியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை. எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

ஆபீசர் வீட்டில் வைத்து வேலை பார்த்தார். மாவுப் பசை காய நேரம் பிடித்தது. அவருக்கோ ஊரில் எல்லாரும் தாமதிப்பதாகவே முப்பது வருஷமாகத் தணிக்கைக் குறிப்பு எழுதிப் பழக்கம். தச்சர்கள் மேசைக்கு ஒட்டும் வெள்ளைப் பசையை வாங்கிவந்து, புத்தகத்தின் முதுகில் பூச்சுக்கு மேல் பூச்சாகத் தடவினார். மேலே தோல் அட்டை. உள்ளே ஒரு சீட்டு: ‘பழுது பார்த்தவர்’ என்று போட்டு, கீழே தம் பெயர், பட்டம், வகித்த பதவி. அட்டையில் கடவுளின் பெயருக்குக் கிடைத்த எழுத்தைவிட அது கொஞ்சம் பெரிய எழுத்து. கடவுள் இதையெல்லாம் பொருட்படுத்துகிறவர் அல்லர். அதனால்தான் நம்மில் பலர் பிழைக்கிறோம்.

கண்காட்சி வரைக்கும் வைத்துக்கொள் என்று அக்காவிடம் கொடுத்தார். “அடேயப்பா, ராஜா வீட்டுப் புத்தகம் மாதிரி இருக்கே!” என்று அவள் தடவிப் பார்த்தாள். அந்தப் பாராட்டை இன்னொரு தடவை கேட்கலாம் என்று மறுநாள் மாலையும் போனார்.

கதவு பாதி திறந்திருந்தது. அக்கா மேசை முன் உட்கார்ந்திருந்தாள். புத்தகத்தின் ஒரு பக்கத்தின் மேல் இஸ்திரிப் பெட்டி. மறு பக்கத்தை முழங்கையால் அழுத்தியிருந்தாள். நாலு வரி சொல்வதற்குள் முழங்கை வழுக்கியது. புத்தகம் முதலை வாய் மாதிரி எகிறி மூடிக்கொண்டது. இஸ்திரிப் பெட்டி சரிந்தது. அக்கா விறைத்த விரல்களால் பக்கத்தைத் தேடிப் பிடித்து, முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி மூடியது. தம்பியைப் பார்த்ததும் சிரித்தாள்.

“புதுசு இல்லையா? கொஞ்சம் விறைப்பாத்தான் இருக்கும். பழகிடும்டா.”

“புத்தகமா?”

“நான்தான்.”

ஆபீசர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேராகத் தையற்கடை மாடிக்குப் போனார். டீச்சர் புத்தகத்தின் முதுகை நகத்தால் கீறி, முகர்ந்து பார்த்தாள்.

“வெள்ளைப் பசையா சார்?”

“கொஞ்சம்.”

“கொஞ்சமா? இதுல கதவே ஒட்டலாம்!”

“பிரிக்க முடியுமாம்மா?”

“இளகாது. ஈரம் காட்டிக் காட்டி, துளித் துளியாச் சுரண்டணும். கண்காட்சிக்குள்ள முடியாது. இப்படியே வெச்சா பார்க்க ஜோரா இருக்கும், சான்றிதழும் வாங்கிக்கலாம். இல்லேன்னா பிரிக்கணும். நீங்களே சொல்லுங்க.”

ஆபீசர் தோல் அட்டையைப் பார்த்தார். தம் பெயர்ச்சீட்டையும் பார்த்தார். பிறகு, “கத்தியக் குடும்மா,” என்றார்.

கண்காட்சியன்று எல்லார் புத்தகங்களும் பளபளவென்று நின்றன. மூலையில் ஆபீசர் முதுகு உரிந்த புத்தகத்தோடு உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருந்தார். பல் டாக்டர், தம் புத்தகத்தைப் பாராட்ட வந்தவர்களை விட்டுவிட்டு, பையிலிருந்து எடுத்த பல் காறை சுரண்டும் கருவியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நகருங்க சார். இது நம்ம தொழில். வலிச்சா கையைத் தூக்குங்க.”

பார்க்க வந்த ஒருவர், “இது என்னங்க, குப்பையா?” என்று கேட்டார். “நான் பண்ணினது,” என்றார் ஆபீசர்.

பல சனிக்கிழமைகள் கழித்து, மாவுப் பசையும் துணி முதுகுமாகப் புத்தகம் திரும்பவும் படுத்துக்கொள்ளக் கற்றது. ஆனால் கண்ட பக்கத்தில் விரிந்தது. “பழைய இடம் அதுக்கு மறந்துபோச்சு சார்,” என்றாள் டீச்சர். “தினம் அந்தப் பக்கத்துல நல்லா அழுத்தி விரிச்சு விடணும். அக்காவோட விரலுக்கு அது ஆகாது.”

அதனால் தினமும் மாலையில் ஆபீசர் போனார். பக்கத்தை எடுத்து, உள்ளங்கையால் நீவி, அக்காவின் மடியில் வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அவர் பேசாமல் உட்காருவார் என்பதை மனைவி நம்பவில்லை. ஒருநாள் கூடவே வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

ஒரு மாலை சற்று முன்னதாகவே போய்விட்டார். கதவிடுக்கில் தெரிந்தது: அக்கா மடியில் புத்தகத்தை வைத்தாள். அது மெல்லச் சரிந்து, மாலைப் பிரார்த்தனையில் தானே விரிந்தது. இன்றைக்குத்தான் முதல் தடவை என்று அக்காவின் முகம் சொல்லவில்லை. வாசலில் தம்பியின் செருப்புச் சத்தம் கேட்டதும் சட்டென்று மூடி மேசைமேல் வைத்தாள்.

“வாடா தம்பி. உனக்காகத்தான் காத்திட்டிருக்கேன். எந்தப் பக்கம்னே தெரியலை பாரு.”

ஆபீசர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, பக்கத்தைத் தேடுவதுபோல் நிதானமாகத் தேடி, நீவி, அவள் மடியில் வைத்தார். அக்கா இரண்டு கையையும் கூப்பினாள்.