ஒரு மைல் அகலச் சந்து

1983 ஆவணியில் திண்டுக்கல் புளியங்கிணற்றுச் சந்தின் இரண்டு வரிசை வீடுகளும் பின்னால் நகரத் தொடங்கின. வரிசைக்கு நாளொன்றுக்கு ஒரு முழம். சுவரில் கீறல் விழவில்லை, அடுப்பில் இருந்த பால் தளும்பவில்லை. ஆறடிச் சந்தை நாற்பதடிச் சாலையாக்கி டவுன் பஸ் விட வேண்டும் என்று தெரு விரிவாக்கத் தனிப்பிரிவு போட்ட உத்தரவை, இடிப்பு ஆட்கள் வருமுன்பே வீடுகள் தாமாக நிறைவேற்றிக்கொண்டன. நாங்கள் கூடி நின்று கைதட்டினோம். சொந்த வீடு நழுவுவதைப் பார்த்துக் கைதட்டிய ஊர் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் நாற்பதடி வந்தது. பதிமூன்றாம் நாளும் நகர்ந்தது. பிரிவு அதிகாரி அருள்நாதன் எந்தக் காகிதத்தையும் ‘மறு உத்தரவு வரும் வரை’ என்று முடிக்கிறவர். இந்த உத்தரவையும் அப்படியே முடித்திருந்தார். தன் கல்யாணப் பத்திரிகையையும் அப்படித்தான் முடித்தார் என்று பியூன் சொன்னது பொய்யாக இருக்கலாம்.

மற்றவர்களுக்கு இதனால் செருப்புத்தான் தேய்ந்தது. எதிரெதிர் வீட்டு விதவைகளான அய்யம்மாளுக்கும் கமர்ஜஹானுக்கும் சோறு இறங்கவில்லை. அய்யம்மாள் கால் விளங்காமல் வாசற்படியோடு இருப்பவள். காலையில் அவள் உட்கார்ந்தபடியே கீரை ஆய்ந்து முறத்தை நீட்டுவாள். மதியம் கமர்ஜஹான் வெஞ்சனக் கிண்ணத்தை நீட்டுவாள். இருவரும் படி இறங்காமலே பதினோரு வருஷம் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள். முதல் நாளே கை எட்டவில்லை. ஆறாம் மாதம் கூப்பிட்டால் கேட்கவில்லை.

கமர்ஜஹான் மனுவோடு போனாள்.

“போட்டது நாந்தாம்மா. நிப்பாட்ட எனக்கு அதிகாரமில்ல. மெட்ராஸ்லருந்து வரணும்” என்றார் அருள்நாதன். ஃபைல் மெட்ராஸ் போனது. அவர் மாற்றலில் போனார். அடுத்த ஐந்து மனுக்களுக்கும் பதிலாக ஆள் வந்து, வெட்டவெளியில் நாற்காலி போட்டு வண்டிகளை எண்ணிவிட்டுப் போனது. வண்டி அதிகமில்லை, யாரோ நடுவில் சோளம் விதைத்திருந்தார்கள். கீழ்வரிசை தள்ளியதில் தங்கள் ஊர் நகர்ந்துவிட்டதாக வடமதுரைக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அவர்களையும் மனு எழுதச் சொன்னோம்.

1986இல் டவுன் பஸ் வந்தது, சந்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு. கமர்ஜஹான் தூக்குவாளியோடு தினமும் ஏறினாள்.

“ஆறிப்போச்சுடி கமரு.”

“சூடா வேணும்னா உங்க வீட்டப் பிடிச்சு வச்சிருக்கணும்க்கா.”

“பிடிச்சேன்டி. அதுக்குக் கால் இருக்கு, எனக்கு இல்லையே.”

1988 ஆவணியில் மறு உத்தரவு வந்தது. வீடுகள் நின்றன. சந்தின் அகலம் ஒரு மைல் இருநூறு அடி.

“அப்ப வீடு திரும்பி வருமா சார்?” என்று கேட்ட கமர்ஜஹானிடம் புது அதிகாரி பொன்னழகு வருத்தத்தோடுதான் சொன்னார்: “நிப்பாட்டத்தாம்மா சொல்லிருக்கு. திருப்பணும்னா தனி ஃபைல்.”

அந்த மாதமே கமர்ஜஹானுக்கு மூட்டு வீங்கி, பஸ் படி ஏற முடியாமல் போயிற்று. நான்கு நாள் தூக்குவாளி வரவில்லை. ஐந்தாம் நாள் அய்யம்மாள், தன் வாசலில் பஸ்ஸைத் திருப்பிய டிரைவர் மொக்கைச்சாமியைக் கூப்பிட்டாள்.

“ஏலே மொக்கை, என்னத் தூக்கி உள்ள வையி.”

“எங்க பெரியம்மா பயணம்?”

“எதுத்த வீட்டுக்கு.”

“அம்புட்டுத் தூரமா?” என்றபடி தூக்கினான். மடியில் கீரை முறம். பஸ் சோளக்காட்டைச் சுற்றிக்கொண்டு கால் மணி நேரம் ஓடியது.

கமர்ஜஹான் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். “என்னக்கா, எப்பத் திரும்புறீங்க?”

“கீரை வதங்குதுடி. மொதல்ல அடுப்பப் பத்த வையி.”

மூன்று மணி பஸ் அவளை ஏற்றாமலே போயிற்று. மறுநாள் பஸ்ஸும் போயிற்று. அடுத்த வருஷம் கமர்ஜஹானின் ரேஷன் கார்டில் அய்யம்மாள் பெயரைச் சேர்த்தார்கள். உறவுமுறை என்ற கட்டத்தில் ‘எதிர்வீடு’ என்று எழுதியிருந்தது. தாலுகா ஆபீசில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.