எதுக்கும் இருக்கட்டும்

நெவெனாவின் அம்மா ராட்மிலாவிடம் எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு வார்த்தைதான் உண்டு: "எதுக்கும் இருக்கட்டும்." கல்யாண விருந்துக்குப் போனால்கூடக் கைப்பையில் நாலு அவித்த முட்டை இருக்கும். மகள் பெல்கிரேடில் தனியாக வீடு எடுத்துக் குடிபோன அன்று, வாசலிலேயே காய்கறிச் சந்தை இருந்தும், அம்மாவின் ஊரான வால்யெவோவிலிருந்து ஒரு மூட்டை உருளைக்கிழங்கு வந்து இறங்கியது. இதையெல்லாம் நெவெனா பொறுத்துக்கொண்டாள். அவளால் பொறுக்க முடியாதது அந்தச் சிவப்புப் பானை.

சிவப்பு எனாமல், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, ஒரு காது லேசாகச் சிதைந்தது. அம்மா எப்போது வந்தாலும் அதுவும் கூடவே வரும், துண்டால் சுற்றி, மூடியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி. நெவெனா கோழி வறுத்து வைத்தால் பானையிலும் கோழி. நெவெனா பீன்ஸ் சமைத்தால் பானையிலும் பீன்ஸ். பானை மேசை நடுவில் உட்கார்ந்ததும் எல்லோர் கரண்டியும் அங்கேதான் போகும். மகளின் சட்டியை ஒரு நாய்கூடச் சீந்தாது. இருபத்து நாலு வயதுக்காரிக்கு இதைவிட வேறென்ன அவமானம் வேண்டும், சொல்லுங்கள்.

அதனால்தான் அக்டோபர் மாதம் அவள் தானாகவே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

"அம்மா, இந்தத் தடவை புது வருஷச் சாப்பாடு என் வீட்டுல. சார்மா நான்தான் பண்ணப்போறேன். கோஸையும் நானே புளிக்கப் போடுறேன்."



"யாரு புளிக்கப் போடுறா?"

"நான்தாம்மா."

"நல்லதுதான். எதுக்கும் இருக்கட்டும், நானும் ஒரு பானை..."

"பானை வந்துச்சுன்னா கதவைத் திறக்கவே மாட்டேன். சத்தியம் பண்ணு."

"நான் இப்ப என்னடி சொல்லிட்டேன்? சரி, சத்தியமாச் சமைச்சு எடுத்துட்டு வரமாட்டேன். போதுமா?"

போதும் என்றாள் நெவெனா. வீராப்பெல்லாம் போனை வைக்கும் வரைதான். அவளுக்குக் கோஸ் புளிக்கப் போடத் தெரியாது. முழுக் கோஸைப் பீப்பாயில் அடுக்கி உப்புத் தண்ணீர் ஊற்றினால் புது வருஷத்துக்குள் இலை பதமாகப் புளித்துவிடும், அதில் கொத்துக்கறியும் அரிசியும் வைத்துச் சுருட்டி வேகவைத்தால் சார்மா. இவ்வளவுதான் அவளுடைய ஞானம். ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று.

கூட ஒரு காலும் சேர்ந்தது. அவள் குடிபோன பிறகு வந்து கூடவே தங்கிக்கொண்ட சித்தி மகன் ரெல்யாவின் கால். ரொட்டிக்கடையில் இரவு வேலை பார்ப்பவன். காலையில் இமையெல்லாம் மாவோடு வீடு வந்து சேருவான். அவன் தலைக்குள்ளும் கொஞ்சம் மாவு உண்டு என்பது குடும்பத்தின் ஒருமித்த கருத்து.

இருவரும் இடுப்பளவு உயரத்தில் ஒரு நீலப் பீப்பாய் வாங்கிப் பால்கனியில் நிறுத்தினார்கள். லிஃப்ட் வழக்கம்போலப் பழுது. கோஸ் மூட்டையை ஐந்து மாடி சுமந்து ஏறியபோது நாலாம் மாடியில் ஒன்று நழுவி, படிபடியாகக் குதித்துத் தரைத்தளம்வரை போய்ச் சேர்ந்தது. ரெல்யா அதன் பின்னாலேயே ஓடினான்.

"விட்டுத் தொலைடா, ஒரு கோஸ்தானே," என்றாள் நெவெனா.

"இருக்கறதுலேயே அதுதான் நல்ல கோஸ்," என்று கீழேயிருந்து குரல் வந்தது.

அன்று சாயங்காலம் நெவெனா அளந்து உப்புப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, மேலே பலகை வைத்து, பாரத்துக்குக் கல்லும் வைத்தாள். மறுநாள் காலை ரெல்யா வேலை முடிந்து வந்தபோது அவள் ஆபீசுக்குக் கிளம்பிப் போயிருந்தாள். கீழ்ப் பால்கனியில் தெசாங்கா அத்தை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கட்டடத்தில் யார் வீட்டில் என்ன வேகிறது, யார் யாரோடு பேசவில்லை என்பதெல்லாம் அந்த அம்மாளுக்கு அத்துப்படி.

"என்னப்பா, பீப்பாயெல்லாம் பலமா இருக்கு. உப்புப் போட்டீங்களா இல்லையா?"

"தெரியலையே அத்தை."

"தெரியலையாவா? உப்பு இல்லாட்டி ஒரே வாரத்துல அழுகி நாறிடும். நாத்தம் முதல்ல என் வீட்டுக்குத்தான் வரும்."

பொறுப்பான பையன், உடனே போய் உப்புப் போட்டான். அளந்தெல்லாம் போடவில்லை. அழுகிவிடக் கூடாதே என்ற பயத்தின் அளவுக்குப் போட்டான்.

பிறகு தினமும் ஊதும் வேலை. அடியில் தங்கும் உப்புத் தண்ணீர் மேலே வர, பீப்பாய்க்குள் குழாய் விட்டு வாயால் ஊத வேண்டும். குமிழ் வரும், கோஸ்கள் குலுங்கும், வாடை தெருவுக்கே போகும். அந்த ஊரில் இலையுதிர் காலத்தில் பாதிப் பால்கனிகளில் யாராவது குழாயும் கையுமாக நிற்பார்கள், அதனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ரெல்யா மட்டும் முதல் நாள் ஊதுவதற்குப் பதிலாக உறிஞ்சிவிட்டான். கண்ணில் தண்ணீர் தாரையாக ஓடியது.

"உப்பு கரிக்குது நெவெனா. தொண்டையே வெந்துபோச்சு."

"உப்புத் தண்ணி உப்பாத்தான்டா இருக்கும். பாயசமாவா இருக்கும்? ஊது."

ஊதினான். தெய்வமே நேரில் வந்து சொன்னாலும் கேட்காதவர்கள் என்று சிலர் உண்டு. இங்கே தெய்வம் ரெல்யாவின் தொண்டை வழியாக வந்து சொல்லியும் அவள் கேட்கவில்லை.

டிசம்பர் முப்பத்தொன்று. காலையிலேயே நெவெனா நல்லதாக மூன்று கோஸ் எடுத்து, ஒரு இலையின் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டாள். அப்படியே குழாயடிக்கு ஓடினாள். வாயைக் கொப்புளித்துவிட்டு ரொட்டிக்கடைக்குப் போன் போட்டாள்.

"டேய், நீ பீப்பாய்ல கை வெச்சியா?"

"உப்பு போட்டேன். ஏன், நீ போடலைன்னுதான் நான்..."

"நீ வீட்டுக்கு வா. வந்து பேசிக்கிறேன்."

அம்மாவின் எண்ணைத் தேடி எடுத்தாள். ஒரு வார்த்தை கேட்டால் தீர்வு கிடைத்துவிடும். ஆனால் அந்த வார்த்தையோடு சிவப்புப் பானையும் வந்து சேரும் என்று நினைத்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தானே ஆக வேண்டும்? கோஸுக்கும் அதே நியாயம்தான். ஊறப்போட்டால் உப்பு இறங்கிவிடும். ஆனால் எதில் ஊறப்போடுவது? பெரிய சட்டி சார்மாவுக்கு வேண்டும். இருந்த ஒரே பேசினில் ரெல்யாவின் மாவுத் துணி ஊறிக்கொண்டிருந்தது. குளியல் தொட்டியைத் தேய்தேய் என்று தேய்த்துக் கழுவி, குளிர்ந்த தண்ணீர் நிரப்பி, மூன்று கோஸையும் அதில் மிதக்கவிட்டாள். மனம் கொஞ்சம் லேசானது. கொத்துக்கறியில் வெங்காயம் சேர்த்துப் பிசைய உட்கார்ந்தாள்.

குளியலறை பல்பு போய் ஒரு மாதமாகிறது. மாற்றுவது உன் வேலை என்று இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். புது வருஷ ரொட்டி வேலை மத்தியானம்வரை நீண்டதில் ரெல்யா நின்றபடியே தூங்கும் நிலையில் வந்து, திட்டு வாங்குவதற்கு முன்னால் குளித்துவிடலாம் என்று ஓசைப்படாமல் உள்ளே நழுவினான்.

அடுத்த நிமிடம் கேட்ட அலறலில் நெவெனாவின் கையிலிருந்த வெங்காயம் உருண்டது.

ரெல்யா துண்டோடு வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

"தொட்டிக்குள்ள யாரோ இருக்காங்க."

"யாரு?"

"தெரியல. மண்டை தட்டுப்பட்டுச்சு. ஜில்லுனு இருந்துச்சு."

நெவெனா கண்ணை மூடி மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"எத்தனை காலை உள்ள விட்ட?"

"ஒண்ணுதான். இன்னொண்ணு வெளியிலதான் இருந்துச்சு, சத்தியமா."

"கையில என்ன வெச்சிருந்த?"

அவன் கையை விரித்தான். காலியான உள்ளங்கையைப் பார்த்தான். பைன் மர வாசனை சோப்பு. அவன் பிறந்தநாளுக்கு அவளே வாங்கிக் கொடுத்தது. டார்ச் அடித்துத் தேடி, இரண்டு கோஸுக்கு நடுவிலிருந்து அதை எடுத்தார்கள்.

சந்தையில் புளித்த கோஸ் காலையிலேயே தீர்ந்துபோயிருக்கும். வேறு வழியில்லை. இலை இலையாகப் பிரித்துக் குழாயடியில் கழுவினாள், மறுபடி கழுவினாள், கை மரத்துப்போகும்வரை கழுவினாள். புகையில் வாட்டிய விலா எலும்பை வழக்கத்தைவிட அதிகமாக அடுக்கினாள், புகை வாசனையாவது காப்பாற்றட்டும் என்று.

"இது மட்டும் வெளியே போச்சு, உன்னைத்தான் அடுத்த வருஷம் பீப்பாய்ல போடுவேன்."

"நான் ஏன் சொல்லப்போறேன்? எனக்கு மட்டும் மானம் இல்லையா?" என்றான் ரெல்யா.

மறுநாள் மத்தியானம் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் பழைய கார் வந்து நின்றது. அம்மா இறங்கினாள். பின் சீட்டுக்குள் குனிந்து எதையோ தூக்கினாள். துண்டால் சுற்றி, மூடியைக் கயிற்றால் கட்டி.

நெவெனாவுக்கு வயிறு எரிந்தது. மூன்று மாதம் ஊதி ஊதிக் கன்னம் வலித்ததெல்லாம் வீண். சத்தியமாவது ஒன்றாவது. கதவைத் திறக்க மாட்டேன் என்று சொன்னபடியே சமையலறையில் நின்றுகொண்டாள். ரெல்யாதான் திறந்தான்.

"என்னடா இளைச்சுட்ட?"

"இல்ல பெரியம்மா, குண்டாகிட்டேன்."

அம்மா பானையைச் செருப்பு அலமாரிப் பக்கத்தில் வைத்துவிட்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் மேசையில் வந்து உட்கார்ந்தாள். அந்த மௌனத்தைப் பார்க்க நெவெனாவுக்கு இன்னும் எரிந்தது. எல்லோருக்கும் சார்மா பரிமாறினாள். அம்மா ஒரு வாய் மென்றாள். மெதுவாக மென்றாள். அப்பா தலை நிமிராமல் மூன்றை முடித்தார்.

"எனக்கு இன்னொண்ணு வை," என்றாள் அம்மா. பிறகு மூக்கைச் சுருக்கினாள். "என்னமோ ஒரு வாசனை வருதே. காட்டுக்குள்ள போன மாதிரி. என்ன போட்ட?"

ரெல்யாவுக்குப் புரையேறியது. அப்பா அவன் முதுகில் தட்டினார்.

"சும்மா, மசாலாதான்," என்றாள் நெவெனா.

அம்மாவின் பார்வை நடையில் இருந்த பானைப் பக்கம் போய்த் திரும்பியது. அவ்வளவுதான், நெவெனாவுக்குப் பொங்கிவிட்டது.

"போதும்மா. எதுக்கு இந்த நாடகம்? அதையும் கொண்டாந்து நடுவுல வை. எல்லாரும் அதையே தின்னட்டும். உனக்கு என் மேல நம்பிக்கையே கிடையாது, எப்பவுமே கிடையாது."

அம்மா வாயைத் திறப்பதற்குள் நெவெனா நடைக்குப் போய், நிறை பானையைத் தூக்குகிற வேகத்தில் இரண்டு கையாலும் தூக்கினாள். பானை எகிறி வந்து அவள் மூக்கில் இடித்தது. கனமே இல்லை.

கயிற்றை அவிழ்த்து மூடியைத் திறந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. சுத்தமாகத் துடைத்துக் காயவைத்த வெறும் பானை.

"சமைச்சு எடுத்துட்டு வரமாட்டேன்னுதானே சொன்னேன்," என்றாள் அம்மா. அவள் முகத்தில் நெவெனா அதுவரை பார்த்திராத ஒரு கூச்சம். "நீ எப்ப வந்தாலும் நம்ம வீட்டுலேருந்து கட்டிட்டுப் போவ இல்ல? உன் வீட்டுலேருந்து நானும் ஒரு தடவை எடுத்துட்டுப் போகலாமேன்னு... எதுக்கும் இருக்கட்டும்னுதான் கொண்டாந்தேன்."

"காலையிலேருந்து அடுப்பே மூட்டலம்மா இவ," என்றார் அப்பா. "நல்லா இல்லைன்னா என்ன பண்றதுன்னு கேட்டேன். எல்லாரும் சேர்ந்து பட்டினி கிடப்போம்கிறா."

நெவெனாவுக்கு அழுகை வந்தது. மூக்கு வலித்ததால் என்று சொல்லிக்கொண்டாள். பானையை அடுப்படிக்கு எடுத்துப் போய், ஒன்றன்மேல் ஒன்றாக விளிம்புவரை சார்மா அடுக்கி, விலா எலும்பில் நல்லதாகப் பார்த்து மேலே வைத்தாள்.

கிளம்பும்போது பானையை அப்பா சுமந்தார், கனத்தில் முதுகு வளைந்து. நெவெனாவும் ரெல்யாவும் மாடிப்படிக் கைப்பிடியில் சாய்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலாம் மாடியில் ஒரு கதவு திறந்தது.

"அட, ராட்மிலாவா? சாப்பாடெல்லாம் நல்லபடியா ஆச்சா?" தெசாங்கா அத்தையின் குரல். "நான் பயந்தே போயிட்டேன். நேத்து உங்க பையன் கோஸ் ஊறின தொட்டியில காலை விட்டுட்டு என்னா கத்து கத்தினான். குழாய் வழியா எல்லாம் கேட்டுச்சு."

காலடிச் சத்தம் நின்றது. நெவெனா ரெல்யாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். 

"ஓ," என்றாள் அம்மா கடைசியில். "அப்ப அந்தக் காட்டு வாசனை பைன் சோப்பு." கொஞ்சம் யோசித்தாள். "அதனால என்ன? சோப்புப் போட்ட காலுதானே."

காலடிச் சத்தம் மறுபடி கீழே இறங்கியது. பானை திரும்பி வரவில்லை.