மெட்டைப் பிடுங்கிய பிறகு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருப்பது ஒரு பாஸ் கிட்டாரின் கழுத்து மட்டும்தான். உடம்பு இல்லை, தந்தி இல்லை. சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் திருவேங்கடம் என்ற ஊரில் பழைய மரச்சாமான் விற்கிறவர் அதைக் கட்டில் சட்டங்களுக்கு நடுவே செருகி வைத்திருந்தார். கறுப்புப் பலகை, குறுக்கே செம்மண் நிறக் கோடுகள்.

"கோட்டுல இருக்கது சங்கரன்கோவில் புத்துமண்ணு. எவனோ கோட்டிக்காரன் பாத்த வேல," என்றார்.

அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. கோட்டிக்காரனுக்கு, அந்தக் கிறுக்கனுக்கு, ஒரு பெயராவது வைத்தால்தான் தூக்கம் வரும் என்று தோன்றியது.

குருநாதன் என்று வைத்தேன். ஊர் சங்கரன்கோவில், வருடம் 1984. பகலில் விசைத்தறி ஓட்டுகிறான். கல்யாணம், கோவில் கொடை விழா என்றால் பீர் மைதீனின் இன்னிசைக் குழுவில் பாஸ் வாசிக்கிறான். கிட்டார் பீர் மைதீனுடையது. சென்னையிலிருந்து ரயிலில் மடியில் வைத்தே கொண்டுவந்தது. இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

2

முதல் தொடக்கம்: "ஆடிக்காற்று கரிசல் தூசியை வாரி இறைத்த ஒரு காலையில், குருநாதன் ஆணி பிடுங்குகிற குறட்டைக் கையில் எடுத்தபோது வானம்..."

(வேண்டாம். குறட்டுக்கும் வானத்துக்கும் என்ன சம்பந்தம்?)

இரண்டாம் தொடக்கம்: "கலை என்பது சேர்ப்பதில் அல்ல, பிடுங்குவதில்தான்..."

(இதற்கு அந்த வானமே தேவலை.)

சரி, நேராகவே வருகிறேன். குருநாதன் பீர் மைதீன் பாயின் கிட்டாரிலிருந்து மெட்டுகளைப் பிடுங்கிவிட்டான்.*

* கிட்டார்காரர்கள் 'பிரெட்' என்பார்கள். விரல் எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டும் குறுக்குக் கம்பி. வீணையில் அதற்கு மெட்டு என்று பெயர். பாட்டுக்கும் அதே பெயர் இருப்பதால் பின்னால் ஒரு குழப்பம் வரும்.

ஏன் பிடுங்கினான்? தறிக்கொட்டகை ரேடியோவில் ஒருநாள் ஒரு பாஸ் கேட்டது. படிப்படியாக இறங்காமல், அழுகிறவள் குரல் இறங்குவதுபோல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. மெட்டு இல்லாத கிட்டாரில்தான் அது வரும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டான். அதற்கப்புறம் அவன் வாசித்ததெல்லாம் அவன் காதுக்கே தறி ஓடுகிற மாதிரி இருந்தது. பாயிடம் கேட்டால் விடமாட்டார். அவர் கிட்டாரை இவனிடம் விட்டுவிட்டுக் கச்சேரிக்கு நாள் பேச வெளியூர் போயிருந்த சமயம் பார்த்துக் கை வைத்துவிட்டான். பாய் முதலில் காதால் கேட்கட்டும், கண்ணால் பிறகு பார்க்கட்டும் என்பது அவன் கணக்கு.

3

இங்கே பூமாரி வருகிறாள். குருநாதனின் மனைவி. இவளை நான் இரண்டு முறை அடித்துத் திருத்தினேன். முதலில் அழுதுகொண்டே இருந்தாள், பிறகு எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். இரண்டையும் நானே நம்பவில்லை. மூன்றாவது முறை அவளே வாயைத் திறந்தாள்.

"மெட்டப் புடுங்கிட்டா அப்பொறம் பாட்டுக்கு எங்க போவீய?"

"அந்த மெட்டு இல்லட்டி. இது கம்பி."

"எதுவோ. பாய் சாமானு. அவுக வந்து கேட்டா நான் வீட்டுல இல்லேன்னு சொல்லீருங்க."

கம்பி போன இடமெல்லாம் பள்ளம். தேக்குத்தூளும் கரிப்பொடியும் கலந்து ஒரு காகிதத்தில் வைத்துவிட்டு, "வச்சிரத்தக் காய்ச்சி இதக் கொழப்பி வையி, வந்து அடைக்கேன்," என்று சொல்லி அவன் தறிக்குப் போனான். வச்சிரம் என்பது ஆசாரிகள் மரம் ஒட்டுகிற பசை. ஆடி மாதத்தில் தூளைக் காகிதத்தில் வைத்துவிட்டுப் போகிறவனை என்ன சொல்ல? அம்மியே பறக்கிற காற்று அது.

அவன் திரும்பி வந்தபோது கரண்டு இல்லை. இருட்டில் கிண்ணத்துக்குள் கறுப்பாகத் தெரிந்த குழம்பை எடுத்துப் பள்ளங்களை அடைத்தான். விடிந்து காய்ந்ததும் கோடெல்லாம் செம்மண்ணாகப் பல்லை இளித்தது.

"ஏட்டி, என்னத்தட்டி போட்ட?"

"தூளு காத்தோட போயிட்டு. புத்துமண்ணப் போட்டேன்."

"கோவில்ல பிரசாதமாக் குடுத்த மண்ணையா?"

"சொறி, செரங்கு, பூச்சிக்கடி எல்லாத்துக்கும் அதத்தானே போடுதோம். இதுவும் பாக்கப் புண்ணு மாதிரிதான் இருந்துச்சி."

தோண்டினால் பலகையின் ஓரம் சிதறும். மறுநாள் சாயங்காலம் ஆடித்தபசுத் திருவிழாக் கச்சேரி. குருநாதன் கிறுக்குப் பிடித்தவன்போல் வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்தான். பூமாரிதான் தள்ளி நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"வெறும் பலகையா இருந்தா பாய் ஒடனே கண்டுபுடிப்பாக. இப்ப தூரத்துல இருந்து பாத்தா கம்பி இருக்க மாதிரியே இருக்கு."

4

(இந்த இடத்தில் நான் எழுந்து நாலு தடவை தண்ணீர் குடித்தேன். ஏதாவது தப்பு நடந்துவிடும் என்று எனக்கே படபடப்பு. நான்தானே எழுதுகிறேன், எனக்கென்ன?)

இனிப் பூச்சு. பாஸ் கிட்டாரின் தந்தி முரடு, வெறும் மரத்தை அரம்போல் தின்றுவிடும். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பொட்டலத்தில் தொட்டு, தேய்த்து, காயவிட்டு, மறுபடி தேய்க்க வேண்டும். காய வைக்கத்தான் இடம் இல்லை. வாசலில் கரிசல் தூசி. தறிக்கொட்டகையில் பஞ்சு. முதல் பூச்சில் ஒட்டிய தூசியைச் சுரண்டும்போது குருநாதனுக்கு அழுகையே வந்துவிட்டது.

கழுத்தைத் திருகாணி கழற்றி எடுத்துப் பூமாரியின் சீதனப் பீரோவுக்குள் தொங்கவிட்டார்கள். கூறைச்சேலைக்குப் பக்கத்தில். கதவைச் சாத்திப் பூட்டி, பூமாரி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"தெறந்து தெறந்து பாத்தீயன்னா காயாது," என்றாள். அந்தச் சேலையில் ஸ்பிரிட் வாடை கடைசிவரை போகவில்லை.

5

ரத வீதி மேடை. ஊரே தபசு பார்க்க வந்திருக்கிறது. பீர் மைதீன் நேரே பஸ்ஸிலிருந்து இறங்கி, அக்கார்டியனைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நிற்கிறார். குருநாதன் பின்வரிசை இருட்டுக்குள் ஒதுங்கி நிற்கிறான். அவனுக்குப் பயம். சோறு போய்விடும் என்ற பயம் இல்லை, தறி இருக்கிறது. இனிமேல் தறி மட்டும்தான் இருக்கும் என்பதுதான் பயம்.

முதல் பாட்டு. முதல் சுரமே சுருதி குறைந்து கீழே விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. பழக்கதோஷம். மெட்டு இருந்தால் விரலைக் கம்பிக்குப் பின்னால் வைக்க வேண்டும். வருடக்கணக்காக அப்படி வைத்த விரல் இப்போதும் கோட்டுக்குப் பின்னாலேயே போய் உட்கார்ந்தது.

பாய் திரும்பினார். வாசித்துக்கொண்டே, சிரித்த முகம் மாறாமல், பின்னாலேயே வந்தார். பலகையைப் பார்த்தார். கோடுகளைப் பார்த்தார். விரலைப் பார்த்தார்.

"ஏலே," என்றார், மைக்குக்கு எட்டாத குரலில். "கோட்டுக்குப் பின்னால என்னத்தத் தேடுத? கோட்டு மேல வையிலே."

வைத்தான். நின்றது. அடுத்த வரியில் ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோட்டுக்கு விரலை இழுத்தான். ரேடியோவில் கேட்டது அவன் கைக்குள் வந்தது. பாய் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

6

கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால் என்ன நடந்தது?

அ) "ஏஞ் சாமானத் தொட ஒனக்கு எவம்லே உரிம குடுத்தான்?" கிட்டாரைப் பிடுங்கிக்கொண்டு, நாளையிலிருந்து வராதே என்றார். நியாயம்தான். என்னால் மறுக்க முடியவில்லை.

ஆ) கட்டிப்பிடித்துக்கொண்டு... (இல்லை. குழு நடத்துகிறவர்களை எனக்குத் தெரியும்.)

இ) கிட்டாரை உறையில் போட்டு, அடுத்த கச்சேரி குருவிகுளத்தில் என்று மட்டும் சொல்லி...

இதை எழுதிக்கொண்டிருந்தபோது எழுந்து போய் அந்தக் கழுத்தை இன்னொரு தரம் வெளிச்சத்தில் பார்த்தேன். பூச்சு தேய்ந்திருக்கிறது. கோடுகளுக்குப் பின்னால் இல்லை, கோடுகளின் மேலேயே, மரம் தெரிகிற அளவுக்கு. ஒரே ஒரு கச்சேரியில் இப்படித் தேயாது, பிறகும் யாரோ வருடக்கணக்காக வாசித்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. நடுவில் ஒரு கோட்டில் பழைய மண் உதிர்ந்து, யாரோ புதிதாக அடைத்திருக்கிறார்கள். அதன் மேல் அரக்கு இல்லை. நிறமும் வேறு. பூமாரி அடைத்தாள் என்றால் ஒரு முடிவு. குருநாதன் என்றால் வேறு முடிவு. பீர் மைதீன் கோவில் வாசலில் நின்று, போகிற வருகிறவர்களிடம் ஒரு பொட்டலம் புத்துமண் கேட்டு...

முடிக்க மாட்டேன். ஈரமாக இருந்தபோது அழுத்திய பெருவிரலின் ரேகை அந்த மண்ணில் அப்படியே இருக்கிறது. யாருடையது என்று நீங்களே சொல்லுங்கள்.