துபாஷி கோதண்டத்தின் முன்சுவர்

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் என்ற டச்சுக்காரர்களின் கொடி பறந்த காலம். கோட்டைக்கு வெளியே இருந்த வீடுகளில் பெரியது, கோட்டைக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி கோதண்டத்தின் வீடு. பெரியது என்றால், முன்பக்கம் மட்டும். ஒல்லாந்தர் ஊர் வீடுகளுக்கு இருப்பது போல நெற்றி வேண்டுமென்று, படிப்படியாக ஏறி உச்சியில் சுருள் வைத்த சுவர் ஒன்றை ஐந்து ஆள் உயரத்துக்கு எழுப்பியிருந்தார். கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பை இழைத்துப் பூசியதில் கடலிலிருந்து பார்த்தாலும் கண் கூசியது. சுவருக்குப் பின்னால் குனிந்து நுழைய வேண்டிய ஓலைக்கூரை.

சுவரின் உச்சியில் மாடி ஜன்னல் ஒன்றும் உண்டு. மாடி கிடையாது.

காலையில் படகுகள் முகத்துவாரம் நுழையும் வேளையில் கோதண்டம் சிவப்புத் தலைப்பாகை கட்டி, பின்புறம் சாத்திய ஏணியில் ஏறி, ஜன்னலில் காட்சி தருவார். படகுக்காரர்கள் நிமிர்ந்து வீட்டையே பார்ப்பார்கள். நெற்றிக்குக் கை போகும். கோதண்டமும் கையை உயர்த்தி ஏற்றுக்கொள்வார்.

"குப்பமே கும்பிடுது, ஜெயம்மா!"

கீழே ஏணியைப் பிடித்திருக்கும் மனைவி சொல்வாள்: "கும்பிடட்டும். சீக்கிரம் எறங்குங்க, கை மரத்துப்போச்சி."

புதிதாக வந்த கோட்டைத் துரைக்கு, கோட்டை மதிலைவிட உயரமாக ஒரு துபாஷியின் சுவர் நிற்பது உறுத்தியது. வெள்ளிக்கிழமைக்குள் இடித்துவிடு என்றார். கோதண்டம் கலங்கிப்போனார். அந்தச் சுவரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அவருடைய வீடுதான்.

குப்பம் தன் வீட்டை மதிக்கிறது, அவர்கள் வாயாலேயே கேளுங்கள் என்று துரையை வாசலுக்கு அழைத்து வந்தார். படகுக்காரர்கள் தருமனும் பூபதியும் ஈரத்துணியோடு வந்து நின்றார்கள்.

"தெனமும் இங்க பாத்துக் கும்பிடறீங்களே, அதைச் சொல்லுங்கப்பா."

"கும்பிடறமா? இன்னா துபாஷி!" பூபதி சிரித்துவிட்டான். "நாங்க ஆழம் பாக்கறோம். கோட்டைக் கொடிமரமும் உங்க சுவத்து உச்சியும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா நின்னா ஆழம். வெலகினா மணல்மேடு. சுண்ணாம்பு கண்ணு கூசுது, கைய வெச்சி மறைக்கறோம்."

"நீங்க அங்க இன்னாத்துக்கு நிக்கறீங்கன்னுதான் எங்களுக்குப் புரியல" என்றான் தருமன்.

துரை கோதண்டத்தைப் பார்த்தார்.

"இந்த வீட்டைத் தினமும் வணங்குவதாகச் சொல்கிறார்கள்" என்று ஒல்லாந்து மொழியில் சொன்னார் கோதண்டம்.

துரையின் காது சிவந்தது. "என் கொடியை விட்டுவிட்டு உன் சுவரையா? வெள்ளி வேண்டாம், நாளைக்கே இடி."

"இன்னா சொல்றாரு?" என்று கேட்டான் தருமன்.

"நாளைக்கே இடிக்கணுமாம்."

"இடிச்சிட்டு? கப்பல்லேர்ந்து அவரு சரக்க எவன் உள்ள கொண்டாருவான்?" தருமன் குரலை உயர்த்தினான். "மொதல்ல ரெண்டு பனமரத்தப் பாத்து வந்தோம். கோட்டைக்கு உத்தரம்னு வெட்டிட்டாங்க. அப்போலேர்ந்து இந்தச் சுவருதான் எங்களுக்கு வழி. சொல்லுங்க அவருகிட்ட!"

அந்த வாசலில் இரண்டு மொழியும் தெரிந்தவர் கோதண்டம் ஒருவரே. துரையின் பக்கம் திரும்பினார். பிறகு ஒரு சொல் விடாமல் சொன்னார்: வணக்கமில்லை, ஆழம், மரியாதையில்லை, கண்கூச்சம், நான் அங்கே நிற்பது எதற்கென்று இவர்களுக்குப் புரியவில்லை. கடைசியதை விட்டிருக்கலாம். விடவில்லை. அவர் துபாஷி உத்தியோகத்தில் முழுதாகச் செய்த முதல் மொழிபெயர்ப்பு அது.

துரை சுவரைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார். சுவர் இருக்கட்டும், மழை முடிந்ததும் வருஷந்தோறும் வெள்ளையடி என்று சொல்லிப் போனார்.

மறுநாள் கோதண்டம் ஏணி ஏறவில்லை. கூடையோடு அவ்வழியே வந்த தருமன் வாசலில் நின்றான்.

"இன்னா துபாஷி, இன்னிக்கி சன்னல்ல ஆளக் காணோம்?"

"எதுக்கு நிக்கறேன்னு கேட்டியே."

"அப்போ தெரியல. இன்னிக்கிதான் தெரிஞ்சிது. பனியில சுவரு மொத்தமும் ஒரே வெள்ளையாக் கெடந்துச்சி, உச்சி எதுன்னே புலப்படல. அந்தச் செவப்புத் தலப்பா இருந்தா டக்குனு புடிச்சிருப்பேன்."

அடுத்த நாள் விடிவதற்குள் கோதண்டம் ஜன்னலில் இருந்தார். தலைப்பாகை ஒரு சுற்று பெரிதாகியிருந்தது. முதல் படகு தெரிந்ததும் பழக்கத்தில் கை மேலே போனது.

"ஆடாதீங்க!" கீழிருந்து அதட்டினாள் ஜெயம்மா. "படகு மணல்ல ஏறிடப் போவுது."